பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று

பஞ்சர் ஒட்டும் பசைக்கு ஒரு நெடி உண்டு. சற்றே இனிப்பாகத் தொடங்கி, முகர்ந்துகொண்டே இருந்தால் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் அந்த நெடி என் அப்பாவின், எங்கள் வழக்கில் அத்தாவின், விரல்களிலும் சட்டையிலும் மட்டுமல்லாமல், என் கட்டிலைச் சுற்றிக் கிடந்த அட்டைத் துண்டுகளிலும் ஏறியிருந்தது. சைக்கிள் டியூபுகள் வரும் மெல்லிய அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, அச்சில்லாத உட்புறத்தில் பென்சிலால் வகுத்தல் கணக்குகள் போட்டு, நாளுக்கு இரண்டு துண்டாக அவர் எனக்குக் கொண்டுவந்தார். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், மூன்று மாத காலம் நான் பார்த்த உலகம் பெரும்பாலும் அந்த அட்டைகள்தாம்.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அத்தாவுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. குகைகளையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மணிக்கணக்கில் எடுத்துப்போகும் பதினோரு சைக்கிள்கள், அவற்றுக்குக் காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிறைந்த ஒரு இரும்புத் தொட்டி. அத்தா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கூட்டுவார், கழிப்பார், பெருக்குவார். வகுத்தல் என்றால் அவருக்கு நான்கு பேருக்குப் பங்கு பிரிப்பது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் ஒன்று என்ற இலக்கத்தையே வரிசையாக எழுதிக்கொண்டு போனார். பதினொன்று வகுபடாது, பகா எண். நூற்றுப் பதினொன்று, மூன்றையும் முப்பத்தேழையும் பெருக்கினால் வரும். நான்கு ஒன்றுகள் என்றால் பதினொன்றையும் நூற்றொன்றையும் பெருக்க வேண்டும். ஐந்து ஒன்றுகளை 41ஆலும் 271ஆலும் உடைத்தார். ஆறு ஒன்றுகள் சில்லறையாகவே உடைந்துபோயின: மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு. ஏழாவது ஒன்றை எழுதி, "11,11,111 எப்படி?" என்று அவர் எங்கள் பக்கம் திரும்பியபோது மணி அடித்துவிட்டது. மறுநாள் பார்க்கலாம் என்றார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

பத்து நாள் முன்னால் வந்து போயிருந்த தொண்டைவலியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அன்று காலை வலது முழங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்காலுக்குப் போயிற்று, அங்கிருந்து மணிக்கட்டுக்கு. அம்மா அதை "ஓடுற வலி" என்றார். காய்ச்சல் இறங்காமல் மூச்சும் இறைக்கத் தொடங்கியதும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருதயத்தின் வால்வைக் காய்ச்சல் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர். பதினெட்டு நாள் அங்கே இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வசந்தா இருந்தாள். செய்யூர்ப் பக்கத்துக் கிராமம், வேர்க்கடலை பயிரிடும் குடும்பம், என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதே காய்ச்சல், அதே ஊசி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த எண்ணை அவளிடம் சொன்னேன். விரலால் போர்வையில் ஏழு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்னாவே கீதே, இதுல யாரு பெரியவங்க, யாரு சின்னவங்க?" என்றாள். வீட்டுக்குப் போனால் முதல் வேலையாகக் கேணியில் இறங்கி நீந்த வேண்டும் என்று தினமும் சொல்வாள். எங்கள் இருவரின் தகப்பன்மார்களும் வராந்தாவில் பீடி குடித்தபடி சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவருக்கும் ஒரே விதி சொன்னார். மூன்று மாதம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது, உட்கார்ந்து எழுதக்கூடக் கூடாது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஊசி. அத்தா கேட்டார், "வலி போயிட்சின்னா கூடவா சார்?" வலி போன பிறகுதான் கவனம் வேண்டும் என்றார் டாக்டர்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் காலையில் தொடங்கினால் மாலைவரை ஓயாது. அதற்கு அப்பால் கடல். படுத்தபடியே நான் 11,11,111ஐ உடைக்கத் தொடங்கினேன். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தாலும் மீதி ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கடைசியில் ஒன்று மட்டும் நிற்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. ஆறு ஒன்றுகளை டீச்சர் உடைத்திருந்தார் அல்லவா, அதன் பின்னால் ஒரு சைபரைச் சேர்த்தால் 11,11,110. அது இந்த ஆறு எண்களாலும் சரியாக வகுபடும். மிஞ்சுவது டீச்சர் கேட்ட எண்ணின் கடைசி ஒன்றுதான். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

பதினேழுக்கு வந்ததும் மனக்கணக்கு தடுமாறியது. சிலேட்டை எடுத்துத் தலையணையில் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார். நான் அழுத அழுகையில் மூச்சு இறைத்தது. சாப்பிட வந்திருந்த அத்தா சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"வகுத்தல். பதினேழால போவுதான்னு பாக்கணும்."

"நா போட்டுக் கொணாறேன். நீ படு."

"உங்களுக்குத் தெரியாதுத்தா."

"சொல்லிக் குடு. கேட்டுக்கிறேன்."

கூரையைப் பார்த்தபடி நான் சொல்லச் சொல்ல, அவர் தரையில் உட்கார்ந்து போட்டார். முதல் மூன்று இலக்கத்தை எடுக்கணும், அதில் எத்தனை தடவை போகிறது என்று பார்க்கணும், கழிக்கணும், அடுத்த ஒன்றை இறக்கணும். அந்த ஒரு கணக்குக்கு அன்று அரை மணி நேரம் ஆயிற்று. மீதி எட்டு. மறுநாளிலிருந்து காலையில் அவர் கடைக்குப் புறப்படும்போது நான் இரண்டு பகா எண்கள் சொல்லிவிடுவேன். மாலையில் இரண்டு அட்டைகள் வரும். எதுவரை போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 1054ஐ அதே எண்ணால் பெருக்கினால் கேட்ட எண்ணைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடும். எண் இரண்டாக உடைந்தால் சிறிய துண்டு 1054ஐத் தாண்டாது, எனவே அதற்குள் இருக்கும் பகா எண்களைப் பார்த்தால் போதும், அவற்றில் கடைசி 1051. எதுவுமே வகுக்காவிட்டால் 11,11,111 பகா எண் என்று முடிவாகிவிடும்.

ஆரம்பத்தில் தவறுகள் வந்தன. முப்பத்தொன்றுக்கு ஈவு 35,841, மீதி நாற்பது என்று கொண்டுவந்தார். "நாப்பதுக்குள்ள இன்னொரு முப்பத்தொன்னு கீதே அத்தா," என்றேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு ஈவையும் மீதியையும் நான் கேட்காமல் விட்டதில்லை. படுத்தபடியே பெருக்கிச் சரிபார்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் காட்டச் சொன்னேன். தொழுகை முடித்து வந்தவர் நெடுநேரம் போட்டார். 1234567654321 என்று வந்தது. "தோ, மலை மாதிரி ஏறி எறங்குது," என்று சொல்லி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் அறவே நின்றது. மூட்டுகள் மற்றவர்களுடையவை போல ஆகிவிட்டன. ஒரு காலை, அம்மா கொல்லையில் இருந்தபோது, கட்டிலை விட்டு இறங்கித் தெருக்கோடிவரை ஓடிப்போய்விட்டேன். ஓடியதில் ஒரு துன்பமும் தெரியவில்லை. பிடித்து இழுத்துவந்த அம்மா என் கன்னத்தில் அறைந்துவிட்டு, அறைந்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். செய்தி கேட்டு வந்த அத்தா திட்டவில்லை. கட்டில் காலருகே உட்கார்ந்து, "நாளிக்கி எந்த நம்பரு?" என்றார். எண் என் கையில் இருக்கும்வரைதான் நான் படுத்திருப்பேன் என்பதை அவர் அன்று கண்டுகொண்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து 233ஐயும் 239ஐயும் கொடுத்தனுப்பியிருந்தேன். அது கணக்கு தொடங்கிய இருபத்து மூன்றாம் நாள். மாலையில் வந்தவர் சட்டையைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருநூத்தி முப்பத்தி மூணு?"

"மீதி கீதும்மா. நூத்தி அறுவத்தேழு."

"இருநூத்தி முப்பத்தொம்போது?"

என் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமலே, "மீதி ஒன்னு," என்றார்.

முதல் ஆறு எண்களைப் போல இதற்கும் மீதி ஒன்று என்றதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அட்டையைக் கேட்டேன். கடையில் விட்டுவிட்டேன் என்றார். நானும் அன்றைக்கு ஈவைக் கேட்க மறந்தேன்.

அதற்குப் பிறகு நூற்று இருபத்தைந்து எண்கள், அறுபத்து மூன்று நாள். ஒரு நாள் தவறவில்லை. மழைக்காலம் வந்தது, புயல் சின்னம் என்று கடைகளை அடைத்த நாளிலும் ஈரமான அட்டையோடு வந்தார். அவர் கையெழுத்தில் எண்கள் திருத்தமாயின, கோடுகள் நேராயின. கடைசியாக 1051. ஈவு 1057, மீதி 204. படுத்தபடியே பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"அப்ப முடிஞ்சிதா?" என்றார் அத்தா.

"முடிஞ்சிதுத்தா. அது பகா எண்."

அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை அழுத்திக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். என் கணக்கு முடிந்த மகிழ்ச்சி என்றே நினைத்தேன். அந்த வாரம் செங்கல்பட்டில் டாக்டர் மார்பில் குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டுவிட்டு, இனி மெதுவாக நடக்கலாம் என்றார்.

பள்ளிக்கூடம் போன முதல் நாளே டீச்சரிடம் சொன்னேன். அவரும் அந்த எண்ணை உடைக்க முடியாமல் பாதியில் விட்டிருந்தாராம். நூற்று எழுபத்தேழு பகா எண்களாலும் பார்த்தாயிற்று, எதுவும் வகுக்கவில்லை. அவர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்ட வைத்தார். மீதிகளையெல்லாம் வரிசையாக ஒரு பெரிய தாளில் எழுதிவா, பள்ளிக் கண்காட்சியில் மாட்டலாம் என்றார். வீட்டில் அட்டைகளை அடுக்கினேன். எல்லாம் இருந்தன, 239 மட்டும் இல்லை. தொலைந்தால் என்ன, ஒரு கணக்குதானே, நானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1111இல் நான்கு தடவை போக, மீதி 155. ஒன்றை இறக்கினால் 1551, ஆறு தடவை, மீதி 117. 1171இல் நான்கு தடவை, மீதி 215. கடைசி ஒன்றையும் இறக்கினேன்: 2151. இருநூற்று முப்பத்தொன்பதை ஒன்பதால் பெருக்கினால் 2151. மறுபடியும் போட்டேன். மீதி இல்லை.

கடைக்கு நடந்தேன். அத்தா ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, இருநூத்தி முப்பத்தொம்போது மீதியில்லாம போவுது."

அவர் நிமிரவில்லை. "ஆமா," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

வகுப்பின் முன்னால் நின்றது, கைதட்டல், எல்லாம் நினைவுக்கு வந்தன. "அப்பறம் இன்னாத்துக்கு மீதி ஒன்னுன்னு சொன்னீங்க?"

டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கி காலைல வசந்தாவோட அப்பா கடைக்கு வந்தாரு. ஊர்லேர்ந்து சைக்கிள்லியே வந்துகீறாரு. வசந்தா இல்லம்மா. வலி போயிட்சின்னு கேணியில எறங்கி நீஞ்சிகீது. மூணா நாளு மூச்சு முட்டி, வண்டி கட்றதுக்குள்ள போயிட்சி." துடைத்த கைகளை மறுபடியும் துடைத்தார். "பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணு எப்டி கீதுன்னு பாத்துட்டு வான்னு அவரு சம்சாரந்தான் அனுப்பிச்சிகீறாங்க. அவரு போனப்பறம் ஒன் கணக்க எட்த்துப் போட்டேன். வகுந்துட்சி. இத்த சொன்னா நீ எழுந்து ஓடிடுவ. வசந்தாவப் பத்தி சொன்னா பயந்துடுவ. ரெண்டையும் சொல்ல முடியல."

நான் அழவில்லை. எனக்கு அப்போது தோன்றியது ஒரே ஒரு கேள்விதான். "அப்ப மிச்சத்தையெல்லாம் ஏன் போட்டீங்க? வாய்க்கு வந்த நம்பரு எதனா சொல்லியிருக்கலாமே."

"நீதான் பெருக்கிப் பாப்பியே," என்றார். பிறகு, "ஒரு பொய்யி போதும்னு தோணிச்சி," என்றார்.

விடை தெரிந்த பிறகும் அந்த மனிதர், இரண்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, பஞ்சருக்கும் காற்றடிப்புக்கும் நடுவே நூற்று இருபத்தைந்து வகுத்தல்களை ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறார். இதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அன்று கோபம்தான் இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீச்சரிடம் போய், 11,11,111 பகா எண் இல்லை, 239ஐயும் 4,649ஐயும் பெருக்கினால் வரும் என்றேன். டீச்சர் தாளில் பெருக்கிப் பார்த்தார். "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். சற்றுத் தயங்கிவிட்டு, "எங்க அத்தா," என்றேன். அன்று மாலை அவரிடம் இதைச் சொன்னபோதுதான் மறுபடியும் பேசத் தொடங்கினோம். வசந்தாவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். நல்லவேளையாக அவர் மறுக்கவில்லை.

செய்யூரில் பேருந்தைவிட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைக் கடந்து வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. மூச்சு இறைத்துவிடக் கூடாதென்று அத்தா பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனார். வசந்தாவின் அம்மா எங்களைப் பாயில் உட்காரவைத்து, அவித்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டி வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து தன் கையை என் நெஞ்சின்மேல் வைத்தார்.

"நடந்து வந்தியே, மூச்சு வாங்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"எத்தினி மாசம் படுத்துகினு இருந்த?"

"மூணு மாசம்."

"எப்டி இருந்த, ஓடணும்னு இல்லியா?"

ஒரு எண்ணை வகுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். என்ன எண் என்று கேட்டார். சொன்னேன். பதினோரு லட்சத்து என்று தொடங்கி அவர் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார், முடிக்கவில்லை. எழுந்து உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வசந்தாவின் அப்பா கடலை ஓடுகளை உள்ளங்கையில் நொறுக்கியபடி, "எங்களுக்கு இதெல்லாம் தெரியாம பூட்ச்சிங்க," என்று அத்தாவிடம் சொன்னார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டில் வசந்தாவின் புகைப்படம் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று தேடினேன். ஒரு சாமி படமும் ஒரு நாட்காட்டியும் மட்டும் இருந்தன.

இப்போது எனக்கு அறுபது கடந்துவிட்டது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நாற்பதாவது வயதில் வால்வை மாற்றினார்கள். அந்த இருதய டாக்டரிடம் வசந்தாவைப் பற்றிக் கேட்டேன். இப்போதெல்லாம் அவ்வளவு நாள் படுக்கவைப்பதில்லை என்றார்; காய்ச்சல் இருதயத்தை எவ்வளவு தாக்கியிருந்தது என்பதுதான் கணக்கு, அவள் நீந்தாமல் இருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது, நான் தொடர்ந்து ஓடித் திரிந்திருந்தாலும் பிழைத்திருக்கலாம் என்றார். அத்தா அதைக் கேட்க உயிரோடு இல்லை. கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. வசந்தாவின் பெற்றோரிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். கேணியைத் தூர்த்துவிட்டார்களாம். குடும்பத்தின் பெயரைச் சொல்லி விசாரித்ததில், அவர்கள் நிலத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டதாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தவர்களில் இன்னும் இருப்பது நான் ஒருத்தியாகவே இருக்கலாம். நான்கூட, அவள் நெற்றியில் வலப்பக்கம் ஒரு தழும்பு இருந்ததா இடப்பக்கமா என்று சமீபகாலமாகக் குழம்பத் தொடங்கியிருக்கிறேன்.